திருவனந்தபுரமும் மாணவர் போக்குவரத்தும்

பள்ளிக்கூடங்களின் வரலாற்றை எழுதியோர் பலர். ஆசிரியரைப் பற்றியும், பாடநூலைப் பற்றியும், தேர்வு முறையைப் பற்றியும் நூல்கள் உண்டு. ஆனால் மாணவன் தன் வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசலை எவ்வாறு சென்றடைந்தான் என்னும் கேள்வியை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. வீட்டிலிருக்கும் பிள்ளைக்குத் தாய் தந்தையர் பொறுப்பு. வகுப்பிலிருக்கும் பிள்ளைக்கு ஆசிரியர் பொறுப்பு. இடையே உள்ள வழியில் அப்பிள்ளைக்கு யார் பொறுப்பு? இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டது அந்த இடைவழியின் வரலாற்றையே.

அமெரிக்க நாட்டில் பள்ளி நிர்வாகம் பள்ளி மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அம்மாவட்டங்கள் பலவற்றில் மாணவரை ஏற்றி இறக்குவதற்கென்றே தனித் துறை ஒன்று இருக்கிறது. அத்துறைக்குத் தலைவர் ஒருவரும் இருக்கிறார். நம் நாட்டில் அத்தகைய பதவியைக் காண்பது அரிது. திருவனந்தபுரம் வருவாய் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். திருவனந்தபுரம், ஆற்றிங்கல், நெய்யாற்றின்கரை என மூன்று கல்வி மாவட்டங்கள் அதனுள் அடங்கியுள்ளன. பள்ளிகளை மேற்பார்வையிட அவற்றில் கல்வி அதிகாரிகள் உண்டு. ஆனால் பிள்ளைகளின் போக்குவரத்தை வகுத்து நடத்துவதற்கென ஒரு துறை அங்கே இல்லை. அவ்வாறாயின் இத்தனை ஆண்டுகளாக இந்நகரத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு சேர்த்தவர் யார்? இக்கேள்விக்கு விடை காண நாம் 200 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1817ஆம் ஆண்டில் திருவிதாங்கூரை ராணி கௌரி பார்வதி பாய் ஆண்டு வந்தார். அப்போது அவருக்கு வயது பதினைந்தளவே. மக்களுக்குக் கல்வி அளிக்கும் செலவை அரசே ஏற்க வேண்டும் என்னும் கருத்துடைய ஆணையை அவர் அவ்வாண்டில் பிறப்பித்தார். கேரளத்துக் கல்வி வரலாற்றைக் கூறுவோர் அனைவரும் அவ்வாணையிலிருந்தே தொடங்குவது மரபு. அந்த ராணியின் பெயர் திருவனந்தபுரத்தில் இன்னோர் இடத்திலும் நிலைத்துள்ளது. அவர் காலத்தில், நகரத்தை வடக்கேயுள்ள காயல்களோடு இணைத்துப் படகுப் போக்குவரத்தை வளர்க்கும் பொருட்டு, கடற்கரையை ஒட்டிக் கால்வாய் ஒன்று வெட்டப்பட்டது. பார்வதி புத்தனாறு என்பது அதன் பெயர். கல்விக்கு ஓர் ஆணையும் போக்குவரத்துக்கு ஒரு கால்வாயும் ஒரே ஆட்சியில் தோன்றின. எனினும் இவ்விரண்டையும் ஒன்றாக வைத்து எண்ணிப் பார்க்கும் வழக்கம் அன்றும் இல்லை. பின்னரும் நெடுங்காலம் ஏற்படவில்லை. இக்கால்வாயைப் பற்றி மீண்டும் கூற வேண்டிய இடம் ஒன்று வரும்.

அதன்பின் 1834இல், நாகர்கோவிலில் ஆங்கிலப் பள்ளி நடத்தி வந்த ஜான் ராபர்ட்ஸ் என்பவரை மன்னர் சுவாதித் திருநாள் திருவனந்தபுரத்துக்கு வரவழைத்தார். அவர் தலைமையில் தொடங்கிய பள்ளி 1836இல் அரசரின் இலவசப் பள்ளி ஆயிற்று. அதுவே 1866இல் கல்லூரியாக உயர்ந்து, பாளையத்தில் இன்று பல்கலைக்கழகக் கல்லூரி என விளங்குகிறது. இவ்வகையில் தலைநகரத்து ஆங்கிலக் கல்விக்கு வித்து நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தது எனலாம். ஆனால் நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகள் அக்கல்வியை நாடித் தலைநகருக்கு வருவது எளிதாயிருக்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். மாட்டு வண்டி மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் போகும். எனவே வண்டியை நிறுத்தாமல் ஓட்டினாலும் ஒரு பகலில் இவ்வழியைக் கடத்தல் இயலாது. நகரத்தில் உறவினர் உள்ளவரும், தங்கி உண்பதற்குப் பொருள் உள்ளவருமே படிக்க இயலும். பள்ளியில் சம்பளம் இல்லை என்பது உண்மையே. ஆனால் பள்ளியை அடைவதற்கு ஆகும் செலவு எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை.

பொருளில்லாதார் நிலை இதுவென்றால், வழியில் நடக்கும் உரிமையே மறுக்கப்பட்டோர் நிலையை என்னென்பது? பொது வழிகள் எல்லா வகுப்பினருக்கும் உரியவை என்று திருவிதாங்கூர் அரசு 1865இலேயே அறிவித்திருந்தது. அறிவிப்பு ஏட்டில் இருந்தது, வழியில் இல்லை. தாழ்த்தப்பட்ட மக்கள் பல சாலைகளில் நடக்கவும் அஞ்சினர். வண்டியேறிச் செல்வதை எண்ணிப் பார்க்கவும் இயலாது. இந்நிலையில் 1893இல் திருவனந்தபுரத்துக்குத் தெற்கேயுள்ள வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி ஒரு செயல் செய்தார். வில்லுவண்டி ஒன்றை விலைக்கு வாங்கினார். நல்ல உடையும் தலைப்பாகையும் அணிந்தார். அவ்வண்டியில் ஏறிப் பொதுச் சாலையில் சென்றார். தடுத்தவர்களுக்கு அவர் அஞ்சவில்லை. அதனைத் தொடர்ந்து, பாலராமபுரம் முதலிய இடங்களில் வழிநடை உரிமைக்காகக் கைகலப்புகளும் நிகழ்ந்தன.

இவ்வரலாற்றில் நாம் கருத்திற் கொள்ள வேண்டியது அதன் வரிசை முறை. அய்யன்காளி முதலில் கேட்டது சாலையை. அடுத்துக் கேட்டது பள்ளியை. 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவிய பின்னர், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்தி, வயல் வேலையையே நிறுத்தும்படி தம் மக்களைத் திரட்டினார். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும்வரை வயல்களில் களை எடுக்க மாட்டோம் என்பது அவ்வேலைநிறுத்தத்தின் உட்பொருள். உழவர் செய்த வேலைநிறுத்தத்தின் நோக்கம் கூலி உயர்வோடு நில்லாமல் கல்வியையும் தழுவியது உலக வரலாற்றில் அரிய செய்தியாகும். பள்ளி அனுமதிக்கு அரசாணைகள் பிறந்த பின்னும் ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது கலகம் மூண்டது, பள்ளிக்கூடம் தீக்கிரையாயிற்று. அதே பள்ளி இன்று அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. ஒரு சிறுமியை வீட்டிலிருந்து பள்ளிக்குக் கைப்பிடித்து நடத்திச் சென்ற அவரையே இந்நாட்டு மாணவர் போக்குவரத்தின் முதல் தலைவர் என்று கூறினால் அது மிகையாகாது.

1924, 1925ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற வைக்கம் சத்தியாக்கிரகமும் வழியைப் பற்றிய போராட்டமே. ஈரோட்டிலிருந்து சென்று அதில் கலந்துகொண்டு சிறை புகுந்த ஈ. வெ. ராமசாமியைத் தமிழ் மக்கள் நன்கு அறிவர். கோயிலைச் சுற்றிய தெருக்களில் யார் நடக்கலாம் என்பதே அங்கு எழுந்த வினா. 1936 நவம்பர் 12ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனத்தை வெளியிட்டார். சாலை எல்லார்க்கும் உரியது என்னும் கொள்கை இவ்வாறு படிப்படியாக வேரூன்றியது. சாலை திறந்தது, அதன்மேல் ஓடுவதற்கு ஊர்தி வேண்டுமன்றோ?

ஊர்தியும் வந்தது. லண்டன் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தில் உயர் பதவி வகித்த ஈ. ஜி. சால்டர் என்பவரைத் திருவிதாங்கூர் அரசு 1937 செப்டம்பரில் போக்குவரத்துத் துறையின் கண்காணிப்பாளராக நியமித்தது. அடித்தளச் சட்டங்கள் பெர்க்கின்ஸ் டீசல் எந்திரங்களுடன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கின. அவற்றின்மேல் உடற்பகுதியைக் கட்டும் வேலையை, சால்டரின் மேற்பார்வையில் நம் நாட்டுத் தொழிலாளரே செய்து முடித்தனர். 1938 பிப்ரவரி 20ஆம் நாள் மகாராஜா துறையைத் தொடங்கி வைத்து, குடும்பத்தினருடன் கவடியாருக்கு முதற் பயணம் செய்தார். அந்தப் பஸ்ஸை ஓட்டியவர் சால்டரே என்பர். தலைவர் தாமே சக்கரத்தைப் பிடித்து ஓட்டிக் காட்டிய துறை அது. 33 பஸ்களுடன் தொடங்கிய அப்பணி, திருவனந்தபுரத்தைத் தெற்கே நாகர்கோவிலோடும் கன்னியாகுமரியோடும் இணைத்தது.

இந்த ஆண்டுகளை நேயர்கள் மற்றொரு நிகழ்ச்சியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பஸ் துறை தோன்றுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே, 1937 நவம்பர் 1ஆம் நாள், திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் அதன் முதல் துணைவேந்தர். பல்கலைக்கழகமும் பஸ்ஸும் நான்கு மாத இடைவெளிக்குள் பிறந்த உடன்பிறப்புகள் எனலாம். முன்னது கல்விக்கு இடம் தந்தது. பின்னது அவ்விடத்தை அணுகுவதற்கு வழி தந்தது.

அக்காலத்துக் கட்டண முறையும் ஆராயத்தக்கது. அடிப்படைக் கட்டணம் ஒரு சக்கரம். திருவிதாங்கூர் ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரம் என்பது அந்நாளைய நாணயக் கணக்கு. உயர் வகுப்பில் அமர்ந்து செல்வோர் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. மூன்று முதல் பதினான்கு வயது வரையுள்ளோருக்குப் பாதிக் கட்டணம். இவ்விதி மாணவரை நோக்கி இயற்றப்பட்டதன்று. வயதை நோக்கி இயற்றப்பட்டது. ஆனால் பதினான்கு வயது வரை என்பது பள்ளிப் பருவமே ஆதலால், பெற்றோர் அதன் பயனைப் பெற்றனர். ஒரு சிறுவனுக்கும் ஒரு பெரியவருக்கும் கட்டணத்தில் இருந்த வேறுபாடு ஒன்றுக்கு இரண்டு என்பதை நினைவில் நிறுத்திக்கொள்வோம். இவ்வளவு பின்னால் எவ்வாறு மாறியது என்பதைக் காணப்போகிறோம்.

1949இல் அரசுப் பஸ் பணி கொச்சிக்கும், 1956இல் மலபாருக்கும் விரிந்தது. அதே 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய நான்கு தாலுக்காக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழர் விரும்பிய மாற்றம் அது; அதற்காக உயிர் ஈந்தோரும் உண்டு. எனினும், தெற்கிலிருந்து தலைநகருக்குப் படிக்க வந்துகொண்டிருந்த சாலையின் நடுவே அன்று முதல் ஒரு மாநில எல்லை அமைந்தது. திருவனந்தபுரத்தை நாகர்கோவிலோடு இணைக்கும் ரெயில் பாதை 1979இலேதான் திறக்கப்பட்டது. அதுவரை இப்பகுதி மாணவருக்குப் பஸ்ஸே கதி. களியக்காவிளையையும் பாறசாலையையும் கடந்து தம்பானூர் பஸ் நிலையத்தில் வந்து இறங்கியவர்களுள் எத்தனையோ பேர் பிற்காலத்தில் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் ஆயினர். அவர்களது பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருக்கும்; பஸ்ஸின் முத்திரை இராது.

இனி, கட்டணம் ஓர் அரசியல் வினாவாக மாறிய வரலாற்றுக்கு வருவோம். அது நிகழ்ந்த இடம் சாலை அன்று, நீர்வழி. ஆலப்புழையை அடுத்த குட்டநாட்டில் வாய்க்கால்களே தெருக்கள், படகே பஸ். அங்குள்ள மாணவர் ஓரணா கொடுத்துப் படகில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சென்று வந்தனர். படகுப் போக்குவரத்தை அரசு ஏற்றதை அடுத்து, 1958இல் மாணவர் கட்டணம் பத்து நயா பைசாவாக உயர்ந்தது. ஓரணா என்பது புதிய நாணயத்தில் ஆறேகால் பைசா. ஏற்பட்ட உயர்வு நான்கு பைசாவுக்கும் குறைவே. ஆனால் அந்த நான்கு பைசா நாள்தோறும் இருமுறை கொடுக்க வேண்டியது. ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் படித்தால் மும்மடங்காவது. மாணவர் கிளர்ந்தெழுந்தனர். முந்திய ஆண்டில் தோன்றியிருந்த கேரள மாணவர் சங்கம் முன்னின்றது. கிளர்ச்சி குட்டநாட்டோடு நில்லாமல் பிற இடங்களுக்கும் பரவியது. இறுதியில் பழைய ஓரணாக் கட்டணமே நிலைநாட்டப்பட்டது. ஓரணாச் சமரம் என்று மலையாளிகள் இன்றும் அதனைக் கூறுவர்.

இக்கிளர்ச்சியின் கட்சி அரசியலை நாம் இங்கே எடைபோட வரவில்லை. கல்வி மசோதாவை நிறைவேற்றிப் பள்ளிச் சீர்திருத்தம் செய்ய முனைந்த ஓர் அரசே, பள்ளிக்குச் செல்லும் படகின் கட்டணத்தில் இடறியது என்பதே நம் கவனத்துக்கு உரியது. கல்வியை ஓர் அமைச்சு எண்ணிப் பார்த்தது. படகை மற்றோர் அமைச்சு எண்ணிப் பார்த்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த மாணவனை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

மொழிபெயர்ப்பிலேயே நாளைக் கழிக்கும் நமக்கு இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிய எண்ணம் எழுகிறது. மாணவர் குறைந்த கட்டணத்தில் செல்வதை ஆங்கிலக் கோப்புகள் கன்செஷன் என்று குறிக்கும். தமிழில் சலுகை என்கிறோம். மலையாளத்தில் சௌஜன்யம் என்பர். சௌஜன்யம் என்னும் வடசொல்லின் முதற்பொருள் நல்லோர் தன்மை. தமிழில் அச்சொல்லைப் பண்பு, இணக்கம் என்னும் பொருளில் வழங்கினோம். மலையாளத்தில் அது விலையின்றிக் கொடுப்பது என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. மூன்று சொற்களும் ஒன்றையே கூறுகின்றன: கொடுப்பவர் ஒருவர் மனமிரங்கிக் கொடுக்கிறார், பெறுபவர் தலை குனிந்து பெறுகிறார். பள்ளியில் சம்பளம் வாங்காதிருப்பதை இன்று எவரும் சலுகை என்று கூறுவதில்லை. கல்வி உரிமை என்கிறோம். பள்ளிக்குச் செல்லும் வழி மட்டும் சலுகையாகவே நின்றுவிட்டது. சொல் மாறாத இடத்தில் எண்ணமும் மாறுவதில்லை.

பிற நாடுகளில் இவ்வெண்ணம் எவ்வாறு வளர்ந்தது? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1869இலேயே, மாணவரைப் பள்ளிக்குக் கொண்டுசெல்லப் பொதுப் பணத்தைச் செலவிடலாம் என்று சட்டம் இயற்றியது. அன்று ஓடியவை குதிரை வண்டிகள். பின்னர் மோட்டார் வந்தது. ஊருக்கொரு வகையான ஊர்தி ஓடியது. 1939 ஏப்ரலில், நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில், பேராசிரியர் பிராங்க் சைர் ஒரு மாநாட்டைக் கூட்டினார். ஏழு நாள் நடந்த அம்மாநாடு பள்ளிப் பஸ்ஸின் நீளம், கூரையின் உயரம், நடைவழியின் அகலம் முதலிய 44 அளவுகளை வரையறுத்தது. விடியற்காலை மங்கலிலும் கண்ணுக்குப் புலப்படும் மஞ்சள் நிறத்தை அங்கேதான் தேர்ந்தெடுத்தனர். சால்டர் திருவனந்தபுரத்தில் பஸ் ஓட்டிய மறு ஆண்டு இது நிகழ்ந்தது. ஒரே காலத்தில் இரண்டு வழிகள் பிரிந்தன. அமெரிக்கர் மாணவருக்கெனத் தனி ஊர்தியை அமைத்தனர். நாம் எல்லார்க்கும் உரிய ஊர்தியில் மாணவருக்கு ஓர் இடத்தை ஒதுக்கினோம்.

அங்கே மாணவர் போக்குவரத்துத் துறைக்குத் தலைமை தாங்குவோரின் வேலை பஸ்ஸை எண்ணுவதோடு முடிவதில்லை. எந்தப் பிள்ளை எங்கே வாழ்கிறது என்பதை வரைபடத்தில் குறிப்பது முதல் வேலை. சிறு பிள்ளை சாலையின் குறுக்கே கடக்காமல் ஏறத்தக்க நிறுத்தத்தைத் தெரிந்தெடுப்பது இரண்டாவது. ஓட்டுநரைத் தேர்ந்து பயிற்றுவதும், ஊர்தியை நாள்தோறும் சோதிப்பதும், ஊனமுற்ற பிள்ளைகளுக்கு வேறு ஏற்பாடு செய்வதும் தொடர்ந்து வருவன. இவற்றுள் நாம் கற்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. எல்லாப் பள்ளிகளும் ஒரே நேரத்தில் மணியடித்தால் ஒரு பஸ் ஒரு பள்ளிக்கே பயன்படும். உயர்நிலைப் பள்ளிக்கு முதலிலும், தொடக்கப் பள்ளிக்கு முக்கால் மணி பிந்தியும் மணியடிக்குமாறு செய்தால் அதே பஸ் இருமுறை ஓடும். செலவு பெரிதும் குறையும். இதனைச் செய்ய வேண்டுமாயின் போக்குவரத்துத் தலைவரும் பள்ளித் தலைவர்களும் ஒரே மேசையைச் சுற்றி அமர வேண்டும். பஸ் அட்டவணையும் பள்ளி அட்டவணையும் ஒன்றையொன்று அறியாத ஊரில் அது நடவாது. பள்ளிகளும் அலுவலகங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்கும் நம் நகரங்களில், காலை நேரத்தில் பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கும் பிள்ளைகளைக் காண்பது இதனாலேயே.

அண்டை நாடாகிய இலங்கை வேறொரு வழியைக் காட்டுகிறது. அங்கே 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1958இல் பஸ் போக்குவரத்து நாட்டுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை அமைந்தது. மாணவர் குறைந்த விலையில் பருவச்சீட்டு பெற்று அதன் பஸ்களில் சென்றனர். 2005இல் மாணவர்களுக்கென்றே ‘சிசு செரிய’ என்னும் பஸ் பணியும் தொடங்கப்பட்டது. இலவசக் கல்விக்கும் மாணவர் பஸ்ஸுக்கும் இடையே 60 ஆண்டுகள் சென்றன எனினும், இரண்டாவது முதலாவதன் தொடர்ச்சியே என்பதை அந்நாடு உணர்ந்தது.

மீண்டும் திருவனந்தபுரத்துக்கு வருவோம். 1965இல் அரசுத் துறையாக இருந்த பஸ் பணி கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகமாக மாறியது. துறை கழகமானபோது கணக்கு முறையும் மாறியது. துறைக்கு மாணவன் ஒரு குடிமகன். கழகத்துக்கு அவன் வருவாய் குறைந்த ஓர் இருக்கை. கழகம் மாணவர் சீட்டுகளைத் தொடர்ந்து அளித்தே வந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் இழப்புக் கணக்கில் மாணவர் பயணமும் ஓர் இனமாகக் காட்டப்படலாயிற்று. தனியார் பஸ்களில் இந்நிலை இன்னும் கூர்மையடைந்தது. 2022 மே மாதத்தில் கேரளத்தில் பொதுமக்களுக்குரிய குறைந்த கட்டணம் 10 ரூபாயாக உயர்ந்தது. மாணவருக்குரிய குறைந்த கட்டணம் ஒரு ரூபாயாகவே இருந்தது. 1938இல் ஒன்றுக்கு இரண்டாயிருந்த வேறுபாடு ஒன்றுக்குப் பத்தாயிற்று.

இதனைக் கேட்டு மாணவர் பக்கம் வெற்றி என்று மகிழ்வோரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. குறைத்த ஒன்பது ரூபாயை அரசு தாங்கினால் அது மக்கள் அனைவரும் சேர்ந்து கல்விக்கு அளிக்கும் பங்கு. அதனைத் தங்கள் தலையில் சுமத்திவிட்டார்கள் என்பது தனியார் பஸ் உடைமையாளர்களின் நெடுநாளைய முறையீடு. அம்முறையீட்டின் பயன் யார்மீது விழுகிறது? சீருடையைக் கண்டதும் நிற்காமல் செல்லும் பஸ்ஸின்முன் நிற்கும் சிறுமியின்மீது. பஸ் புறப்படும்வரை ஏறக்கூடாது என்று வெயிலிலும் மழையிலும் வரிசையில் நிறுத்தப்படும் சிறுவன்மீது. கட்டணத்தைக் குறைப்பது எளிது. ஓர் ஆணை போதும். குறைத்த கட்டணத்தைக் கொடுக்கும் பிள்ளையை மற்றப் பயணியைப் போல மதித்து ஏற்றச் செய்வதே அரிது. அதற்கு ஒரு துறை வேண்டும். அத்துறைக்கு முகமும் பெயரும் உடைய ஒரு தலைவர் வேண்டும்.

பஸ்ஸில் இடமின்மையும் அவமதிப்பும் கண்ட பெற்றோர், வசதியுள்ளவராயின் பிள்ளைகளைத் தனி வேனிலும் ஆட்டோவிலும் அனுப்பலாயினர். அங்கே வேறோர் இடர் காத்திருந்தது. 2011 பிப்ரவரி 17ஆம் நாள் காலை, திருவனந்தபுரத்தில் கரிக்ககத்தை அடுத்துச் சிறு குழந்தைகளை ஏற்றிச் சென்ற வேன் ஒன்று கால்வாயில் கவிழ்ந்தது. குழந்தைகள் சிலரும் அவர்களுக்குத் துணையாகச் சென்ற பணிப்பெண்ணும் உயிரிழந்தனர். அந்தக் கால்வாய்தான் பார்வதி புத்தனாறு. கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்ட ராணியின் பெயரைத் தாங்கிய நீரில், பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் மாண்டனர். 200 ஆண்டுகளாகக் கல்வியையும் வழியையும் தனித்தனியே எண்ணி வந்ததன் விலை இது என்று நாம் கருதுகிறோம்.

இத்துயரம் திருவனந்தபுரத்துக்கு மட்டும் உரியதன்று. 1997 நவம்பரில் தில்லியில் பள்ளிப் பஸ் ஒன்று யமுனையில் விழுந்து மாணவர் பலர் இறந்தனர். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் பள்ளிப் பஸ்களுக்குக் கடுமையான கட்டளைகளை விதித்தது. கனரக ஊர்தியை ஐந்தாண்டேனும் ஓட்டிப் பழகியவரே ஓட்டுநராதல் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டருக்கு மேற்படாதிருக்கக் கருவி பொருத்த வேண்டும். பிள்ளைகளோடு தகுதியுள்ள துணையாள் ஒருவர் செல்ல வேண்டும் என்பன அவற்றுட் சில. 2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்து, பள்ளிப் பஸ்ஸின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டில் பள்ளிப் பஸ்களுக்கெனச் சிறப்பு விதிகள் இயற்றப்பட்டன. பள்ளிகள் திறக்குமுன் ஊர்திகளை வரிசையாக நிறுத்திச் சோதிக்கும் காட்சியைத் தமிழ்நாட்டு ஊர்களில் காண்கிறோமே, அது அச்சிறுமியின் மறைவுக்குப்பின் வலுப்பெற்ற வழக்கம். கேரளத்தில் 2022இல், பள்ளி ஊர்தி எங்கே வருகிறது என்பதைப் பெற்றோர் அறிவதற்கு ‘வித்யாவாகன்’ என்னும் செயலி ஒன்றை மோட்டார் வாகனத் துறை வெளியிட்டது. இவை யாவும் நல்லனவே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு விதியும் ஒரு குழந்தையின் இறப்புக்குப் பின்னரே எழுதப்பட்டுள்ளது. பிள்ளைகளின் வழியையே நாள்தோறும் எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவர் இருப்பாராயின், பஸ்ஸின் தளத்து ஓட்டை நீதிமன்றத்தின் கண்ணுக்கு முன்னர் அவர் கண்ணில் பட்டிருக்கும்.

அவ்வாறு எண்ணிப் பார்த்த இடங்களும் நம்மிடையே இல்லாமல் இல்லை. கேரளத்தின் வடபகுதியிலுள்ள வயநாட்டில், மலைச் சிற்றூர்களில் வாழும் பழங்குடிப் பிள்ளைகள் இடையிலேயே படிப்பை நிறுத்திவிடுவதைக் கண்ட உள்ளாட்சி மன்றங்கள், அவர்களை ஜீப்புகளில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டு சேர்க்க ‘கோத்திரசாரதி’ என்னும் திட்டத்தை நடத்தின. பின்னர் அரசு அதனை ‘வித்யாவாகினி’ என்னும் பெயரால் ஏற்று நடத்தியது. இங்கே ஆசிரியரும் ஓட்டுநரும் ஒரே பணியின் இரு கைகள் ஆயினர். பிள்ளை வகுப்பில் இல்லை என்றால், காலையில் வண்டி சென்றதா என்று முதலில் கேட்கிறார்கள். படிப்பில் நாட்டமில்லை என்று பிள்ளைமேல் பழி சுமத்துவதற்கு முன்னர், வழி இருந்ததா என்று கேட்பது எத்துணைப் பெரிய மாற்றம்!

நாம் கண்ட வரலாற்றைத் தொகுத்துக் கூறுவோம். முதலில் வழி இல்லாதிருந்தது. அய்யன்காளி போன்றோர் வழியைப் பெற்றுத் தந்தனர். அடுத்து ஊர்தி இல்லாதிருந்தது. 1938இல் அரசு ஊர்தியைத் தந்தது. பின்னர்க் கட்டணம் தடையாயிற்று. 1958இல் மாணவரே எழுந்து அத்தடையை நீக்கினர். இன்று வழி உண்டு, ஊர்தி உண்டு, குறைந்த கட்டணமும் உண்டு. இல்லாதது பொறுப்பு. பஸ் போக்குவரத்துக் கழகத்தைச் சேர்ந்தது. அனுமதிச் சீட்டு மோட்டார் வாகனத் துறையைச் சேர்ந்தது. மணி பள்ளித் தலைவரைச் சேர்ந்தது. சாலை பொதுப்பணித் துறையைச் சேர்ந்தது. இந்நால்வருக்கும் உரிய பிள்ளை ஒருவருக்கும் உரியதாகாமல் நிறுத்தத்தில் நிற்கிறது.

அமெரிக்க முறையை அப்படியே கொண்டுவந்து நடவேண்டும் என்று நாம் கூறவில்லை. எல்லாரும் ஏறும் பஸ்ஸில் மாணவரும் ஏறுவது நம் மரபு. அதில் சிக்கனமும் உண்டு, சமத்துவமும் உண்டு. ஒவ்வொரு பள்ளியும் தனித்தனிப் பஸ் வைத்துக்கொண்டால், வசதியுள்ள பிள்ளைகள் ஒரு வண்டியிலும் வசதியற்றோர் மற்றொரு வண்டியிலுமாகப் பிரிந்து செல்லும் நிலை உறுதியாகிவிடும். சாலையை எல்லார்க்கும் பொதுவாக்கப் பாடுபட்ட நாட்டில் அது தகாது. நாம் வேண்டுவது இவ்வளவே: கல்வி மாவட்டம் ஒவ்வொன்றிலும், பிள்ளைகளின் வழிக்குப் பொறுப்பேற்கும் ஓர் அலுவலர் இருத்தல் வேண்டும். எந்தச் சிற்றூரிலிருந்து எத்தனை பிள்ளைகள் எத்தனை மணிக்குப் புறப்படுகிறார்கள் என்பது அவர் மேசையில் இருத்தல் வேண்டும். பஸ் நிற்காமல் போயிற்று என்று ஒரு சிறுமி கூறினால், அதனைக் கேட்டு அன்றே விடை கூறும் கடமை அவருக்கு இருத்தல் வேண்டும். பஸ் அட்டவணையை வகுக்கும் கூட்டத்தில் பள்ளியின் சார்பாக அமரும் உரிமையும் வேண்டும்.

அத்தகைய அலுவலரின் வேலை புகழ் தரும் வேலையன்று. எல்லாப் பிள்ளைகளும் நேரத்தில் பள்ளி சேர்ந்து நேரத்தில் வீடு திரும்பிய நாளில் அவரை எவரும் நினைக்க மாட்டார். ஆனால் பள்ளியின் வருகைப் பதிவேட்டில், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இடப்படும் வருகைக் குறியில் பாதி ஆசிரியருடையது என்றால், மறுபாதி அவருடையது. அப்பாதியை எழுதுவதற்கு ஓர் ஆளை நியமிக்கும் நாளில்தான், 1817ஆம் ஆண்டின் ஆணை முழுதும் நிறைவேறியது என்று கூறல் பொருந்தும்.